வீட்டில் சுகர் பார்க்க எது சரி: லேபா, குளுக்கோமீட்டரா, கையில் ஒட்டும் சென்சாரா?

எங்கள் வீட்டில் மூன்று பேருக்குச் சர்க்கரை. எனக்கு 46 வயது, காலையும் இரவும் மெட்ஃபார்மின் மட்டும். அம்மாவுக்கு 71, மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் உண்டு. மாமனாருக்கு 76. அவருக்கு மாத்திரைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இப்போது இரண்டு வேளையும் 30/70 இன்சுலின் ஊசி. போன தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னும் விரல்ல குத்திக்கிட்டு இருக்கீங்களா அத்தான்? கையில ஒட்டுற சென்சார் மூணு பேருக்கும் வாங்கிடலாம், பணம் நான் தர்றேன்" என்றான்.

பணம் வருகிறதென்றால் யாருக்குக் கசக்கும்? ஆனாலும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஒருவருக்குத்தான் வாங்கினோம். மற்ற இருவருக்கும் ஏன் வேண்டாம் என்று முடிவு செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. பதினோரு வருடமாகச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்துகிறவன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை. எதைக் கொண்டு அளப்பது என்ற முடிவில் நமக்கும் பங்கு உண்டு.

லேபுக்குப் போவது

அம்மாவின் முறை இது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை லேப். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே வீட்டில் வாழைப்பழம் கண்ணில் படாது. ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்வார். பாஸ்டிங் 118 என்று வரும். "பாத்தியா, கன்ட்ரோல்லதான் இருக்கு" என்று அந்தத் தாளை அலமாரியில் வைத்துவிட்டு, அன்று மதியமே தயிர்சாதத்துக்கு மாம்பழம் நறுக்குவார். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிக்கிற பிள்ளையின் மார்க் அது.

லேப் கருவி துல்லியமானதுதான், தப்பு நம் பக்கம்தான் நடக்கும். பாஸ்டிங் என்றால் குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. "காபி மட்டும்தான் குடிச்சேன்" என்பதெல்லாம் பாஸ்டிங் இல்லை, சர்க்கரை போடாவிட்டாலும் பாலில் இருக்கிறது. சாப்பிட்ட பின் பார்க்கும் டெஸ்டுக்கு இரண்டு மணி நேரத்தை முதல் வாயிலிருந்து எண்ண வேண்டும். கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுகிறவர்கள்தான் அதிகம். அந்த வேளைக்குரிய மாத்திரையை விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மருந்து போட்டுக்கொண்டு வழக்கமாகச் சாப்பிட்டால் எவ்வளவு வருகிறது என்பதுதான் டாக்டருக்குத் தெரிய வேண்டும். மருந்தில்லாமல் வரும் எண்ணை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஏமாற்ற முடியாதது எச்பிஏ1சி. நாம் மூன்று மாத சராசரி என்று சொல்வது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அந்த நாள்களில் ரத்தத்தில் ஓடிய குளுக்கோஸ் அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைச் சதவீதத்தில் சொல்கிறார்கள். நாம் பழகிய எண்ணில் சொன்னால் 6 என்பது சராசரி 126, 7 என்பது 154, 8 என்பது 183, 9 என்பது 212. இரண்டு நாள் சப்பாத்தி சாப்பிட்டதெல்லாம் இதனிடம் எடுபடாது.

ஆனால் இதிலும் இரண்டு ஓட்டைகள். முதலாவது, இது சராசரி. நாள் முழுக்க 150-ஐ ஒட்டியே இருப்பவருக்கும், 55-க்கும் 260-க்கும் இடையில் ஊஞ்சலாடுகிறவருக்கும் ஒரே 7 வரலாம். இரண்டாவது ஓட்டையில் நாங்களே விழுந்தோம். போன வருடம் அம்மாவுக்கு 8.1 வந்தது. வீட்டு மெஷினில் எந்த வேளை பார்த்தாலும் 140, 150, மிஞ்சிப்போனால் 170. மெஷின்தான் கெட்டுப்போனது என்று நினைத்தோம். டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், ஹீமோகுளோபின் எடுக்கச் சொன்னார், 9 இருந்தது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ரத்தப்போக்கு ஏற்பட்டவர்களுக்கும் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். நாள்பட்ட சிறுநீரகக் கோளாறிலும் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. சோகை சாதாரணமாகிவிட்ட நம் ஊர்ப் பெண்களுக்கு, எச்பிஏ1சி எடுக்கும்போதே ஹீமோகுளோபினும் சேர்த்து எடுத்துவிடுவது நல்லது. அன்று அந்த 8.1-ஐ நம்பி மாத்திரையைக் கூட்டியிருந்தால் அம்மா எங்காவது மயங்கி விழுந்திருப்பார்.

விரலில் குத்துவது

குளுக்கோமீட்டர் மேல் எல்லாருக்கும் இருக்கும் முதல் புகார், "லேப்ல 162, மெஷின்ல 178. ஏதோ ஒண்ணு பொய்." இரண்டும் பொய்யில்லை. குளுக்கோமீட்டருக்கான 2013-ஆம் ஆண்டு ஐஎஸ்ஓ தரத்தின்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை லேப் எண்ணிலிருந்து 15 சதவீதத்துக்குள் காட்டினால் போதும். 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள். அதாவது உண்மையில் 162 இருந்தால் மெஷின் 138-லிருந்து 186 வரை எதைக் காட்டினாலும் அது நல்ல மெஷின்தான். மேலும் லேபில் எடுப்பது முழங்கை ரத்தக் குழாயிலிருந்து, இங்கே விரல் நுனியிலிருந்து. சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் குளுக்கோஸ் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதனால் 145-க்கும் 152-க்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. இந்தக் கருவி நமக்குச் சொல்லக்கூடியது 150-க்கும் 230-க்கும் உள்ள வித்தியாசத்தை. அன்றாட வாழ்க்கைக்கு அது போதும்.

மெஷினைவிட அதிகமாக ஏமாற்றுவது நம் கை. ஜப்பானில் 2011-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஆரஞ்சு, திராட்சை, கிவி உரித்த கையைக் கழுவாமல் குத்திப் பார்த்தால் எண் தாறுமாறாக ஏறியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் சரியாகவில்லை. தண்ணீரில் கழுவிய பிறகுதான் உண்மை வந்தது. மாம்பழம் நறுக்கிய கையோடு 310 பார்த்துப் பதறியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆகவே சோப்பு, தண்ணீர், நன்றாகத் துடைத்த விரல். குத்துவதை நுனியின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறையும். ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவிலேயே மூடி வைக்க வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. வாங்கும்போது மெஷின் விலையைப் பார்க்காதீர்கள், ஸ்ட்ரிப் விலையைப் பாருங்கள். மெஷினைச் சும்மாவே தருகிற கம்பெனிக்கு லாபம் ஸ்ட்ரிப்பில்தான். பக்கத்து மருந்துக் கடையில் அந்த ஸ்ட்ரிப் கிடைக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தினமும் குத்தினால் சர்க்கரை குறையுமா? குறையாது. அமெரிக்காவின் வட கரோலினாவில், இன்சுலின் போடாத 450 பேரைப் பிரித்து, சிலரை தினம் ஒரு முறை விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார்கள், சிலரைப் பார்க்கவே வேண்டாம் என்றார்கள். 2017-இல் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்தும் எச்பிஏ1சியில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நானும் நான்கு வருடம் தினமும் காலை பாஸ்டிங் மட்டும் பார்த்து ஒரு டைரி நிறைய எழுதினேன். 128, 131, 126, 133. அதை வைத்து என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, டைரியைப் புரட்டிய டாக்டருக்கும் தெரியவில்லை.

2011-இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு வேறு வழி காட்டியது. இவர்களும் இன்சுலின் போடாதவர்கள், 483 பேர். டாக்டரைப் பார்க்கப் போகும் முன் தொடர்ந்து மூன்று நாள், தினம் ஏழு வேளை. மூன்று சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும், பிறகு படுக்கப் போகும்போது. அந்தத் தாளை டாக்டரும் நோயாளியும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு எச்பிஏ1சி 1.2 குறைந்தது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 0.9. வித்தியாசம் பெரிதில்லைதான். ஆனால் மருந்தை மாற்றுவதற்கு அந்தத் தாளில் ஒரு காரணம் கிடைத்தது.

நான் அதை என் வசதிக்குச் சுருக்கிக்கொண்டேன். ஒரு வாரம் முழுக்க ஒரே வேளையை மட்டும் பார்ப்பது, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. காலைச் சாப்பாட்டில் தொடங்கினேன். ஐந்து இட்லி, தேங்காய்ச் சட்னி: 124-லிருந்து 219. மூன்று இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல்: 122-லிருந்து 168. வெண்பொங்கல் எவ்வளவு ஏற்றியது என்பதைச் சொல்லவே மனசு வரவில்லை. கம்பு தோசை சர்க்கரைக்கு நல்லது என்று நாலு உள்ளே தள்ளினேன், இட்லிக்குச் சளைக்காமல் ஏற்றியது. எண்ணிக்கைதான் காரணம், கம்பின் மேல் குற்றமில்லை. அடுத்த வாரம் ராத்திரிச் சாப்பாடு. இப்படி நாலு வாரத்தில் கற்றது, முந்தைய நாலு வருட டைரியில் கிடைக்கவில்லை. பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின் 180-க்குக் கீழ் என்பது இலக்கு. வயதானவர்களுக்கு டாக்டர் இதைத் தளர்த்துவார்.

அம்மாவுக்கு மெஷின் வேறு காரணத்துக்காக வேண்டும். கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைப் பார்க்கும். ஒரு வெள்ளிக்கிழமை விரதத்தன்று பழக்கதோஷத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார். பதினொரு மணிக்குக் கை நடுங்கியது, நெற்றியில் வியர்வை, பேச்சில் எரிச்சல். பார்த்தால் 61. 70-க்குக் கீழ் போனால் 15 கிராம் குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது கணக்கு. மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம், ஏறியது. ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக 108தான். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: வோக்லிபோஸ், அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையோ மிட்டாயோ சட்டென்று வேலை செய்யாது. அந்த மருந்து சர்க்கரை உடைவதைத்தான் தடுக்கிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடியே இருக்க வேண்டும்.

கையில் ஒட்டுவது

இனி மாமனார். அவருடைய எச்பிஏ1சி 7.2. டாக்டருக்குத் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. மாமியார்தான் ஒரு நாள், "ராத்திரி தலகாணி நனையுது, கனாக் கண்டு உளறுறார்" என்றார். காலையில் பார்த்தால் 150, 160. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் சாயங்கால ஊசியைக் கூட்டத்தான் நினைப்பார். 30/70 கலவையில் மெதுவாக வேலை செய்யும் 70 பங்கு, இரவுச் சாப்பாட்டுக்கு முன் போட்டால் நடு இரவை ஒட்டி உச்சத்துக்கு வரும். ஆகவே மூன்று மணிக்கு விரலில் குத்திப் பாருங்கள் என்றார் டாக்டர். அலாரம் வைத்து இரண்டு இரவு எழுந்தோம், 92, 88. மூன்றாம் இரவு அலாரத்தை யார் அணைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த இடத்தில்தான் மைத்துனன் பணம் பயன்பட்டது. மேல்கையின் பின்புறம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வில்லை, அதிலிருந்து மயிரிழை போன்ற ஒரு நுண்ணிழை தோலுக்குள் போகிறது. நாங்கள் வாங்கியது 14 நாள் வேலை செய்யும். ஒன்பது இரவில் நாலு இரவு இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் 60-க்குக் கீழே இறங்கியிருந்தது. ஒரு முறை 52. சென்சார் வரைந்த கோட்டை டாக்டர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சாயங்கால ஊசி அளவைக் குறைத்தார். அடுத்த மாதம் எச்பிஏ1சி ஏறும் என்று அவரே சொன்னார், பரவாயில்லை என்றும் சொன்னார். 2019-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடிச் சொன்ன கணக்குப்படி, பொதுவாக ஒரு நாளில் 70 சதவீத நேரம் 70-க்கும் 180-க்கும் இடையில் இருக்க வேண்டும். வயதான, தடுமாறி விழக்கூடியவர்களுக்கு 50 சதவீதம் போதும். ஆனால் அவர்கள் 70-க்குக் கீழே இருப்பது ஒரு சதவீத நேரத்தைத் தாண்டக் கூடாது.

சென்சாரும் சத்தியம் செய்யாது. அது அளப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் திசுக்களுக்கு இடையே உள்ள நீரை. ரத்தத்தில் ஏறியதும் இறங்கியதும் அங்கே தெரிய ஐந்து, பத்து நிமிடம் பிந்தும். மாமனார் இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பவர், சென்சாரும் இடது கையில். ஓர் இரவு 48 என்று அலறியது, எழுப்பிக் குத்திப் பார்த்தால் 104. கை அழுந்தி அந்த இடத்தில் ஓட்டம் குறைந்தால் இப்படிப் பொய்த் தாழ்வு காட்டும். வலது கைக்கு மாற்றியதும் நின்றது. சென்சார் சொல்வதும் உடம்பு சொல்வதும் பொருந்தாவிட்டால் விரலில்தான் தீர்ப்பு. அதனால் சென்சார் வாங்கினாலும் மெஷினைத் தூக்கிப் போட முடியாது. எம்ஆர்ஐ எடுக்கப் போனால் பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் விழுங்கினால் சில சென்சார்கள் கூட்டிக் காட்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வியர்வையில் பிசின் விட்டுப்போவதை எந்தப் பெட்டியிலும் எழுதவில்லை. மேலே அகலப் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு ஏன் வேண்டாம் என்றேன்? மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவனுக்குச் சர்க்கரை தாழ்ந்து லோ ஆவது அபூர்வம். எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்பதை ஸ்ட்ரிப்பில் கற்றுக்கொண்டேன். பொறுமை இல்லாதவர்கள் ஒரே ஒரு சென்சார் போட்டு இரண்டு வாரத்தில் அதையே கற்றுக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. தொடர்ந்து ஒட்டிக்கொண்டே இருப்பதில்தான் எனக்குத் தயக்கம். எங்கள் அலுவலகத்தில் சர்க்கரையே இல்லாத ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்து, சாம்பார் சாதத்துக்கு 150 ஏறியதற்கு மூன்று நாள் சோறு சாப்பிடவில்லை.

பணக் கணக்கு

ஸ்ட்ரிப் ஒன்று ஏறக்குறைய 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், ஊருக்கும் கம்பெனிக்கும் தக்கபடி மாறும். டாக்டரைப் பார்க்கும் முன் இரண்டு வாரம் மட்டும் பார்க்கும் எனக்கு மூன்று மாதத்துக்கு 600-ஐத் தாண்டாது. வாரத்துக்கு நாலு பார்க்கும் அம்மாவுக்கு மாதம் 350. இன்சுலின் போடுகிற மாமனார் தினம் மூன்று முறை பார்த்தால் மாதம் 1,800. சென்சார் ஒன்று 5,000 ரூபாய் அளவில் விற்கிறது. இடைவிடாமல் போட்டால் மாதம் இரண்டு, 10,000. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மட்டும் போட்டால் வருடத்துக்கே அவ்வளவுதான். மாமனாருக்கு அப்படித்தான் செய்கிறோம், ஊசி அளவு மாறும்போது இடையில் ஒன்று கூடும்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருப்பதாக 2023-இல் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு சொன்னது. அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த 10,000 கணக்கெல்லாம் வேறு உலகத்துச் சமாசாரம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தருகிறார்கள். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு, வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பும் சென்சாரைவிட வாசலுக்கு வரும் அந்தத் திட்டத்தின் பெண் ஊழியரிடம் பெயர் பதிந்து வைப்பது பயன் தரும்.

குத்தாமலே சுகர் சொல்லும் வாட்ச், மோதிரம் என்று விளம்பரம் வருகிறதே என்றால், தோலைத் துளைக்காமல் குளுக்கோஸ் அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்தக் காசுக்குப் பழைய பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைச் சுடவைத்து நீலமா, பச்சையா, செங்கல் நிறமா என்று பார்த்த காலமே தேவலை. அது ஏறக்குறைய 180-ஐத் தாண்டிய பிறகுதான் சொல்லும் என்றாலும் சொல்வதற்கு ஓர் அடிப்படை இருந்தது.

இந்த ஒப்பீடு பொருந்தாத இருவர் உண்டு. முதல் வகை (டைப் 1) சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்குச் சென்சார் ஆடம்பரமில்லை, முடிந்தால் கடன் வாங்கியாவது போட வேண்டியது. கர்ப்ப காலத்துச் சர்க்கரைக்கு இலக்கே வேறு. பாஸ்டிங் 95-க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். அங்கே மூன்று மாத சராசரிக்காகக் காத்திருக்க நேரமில்லை, தினமும் விரல்தான்.

மைத்துனன் கொடுத்ததில் மிச்சம் இருந்த பணத்தில் மூன்று பேரும் கண் விழித்திரைப் பரிசோதனையும், சிறுநீரில் ஆல்புமினும், கால் உணர்ச்சிச் சோதனையும் செய்துகொண்டோம். மூன்றுமே வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியவை, நான் மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டவை. மாமனாரின் வலது காலில் கட்டைவிரலுக்கடியில் சோதனைக்கான நைலான் இழை குத்துவது அவருக்குத் தெரியவில்லை. இதை எந்தச் சென்சாரும் சொல்லியிருக்காது. இப்போது தினமும் படுக்கப் போகும் முன் மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.

அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தைத் தைத்து நோட்டு போட்டிருக்கிறார். மூன்று கட்டம்: நேரம், எண், என்ன சாப்பிட்டேன். தை முதல் நாள் வரிசையில் எண் 243. பக்கத்தில் "கேட்காதே" என்று எழுதியிருக்கிறார்.